மூட்டையில் கீரை, செல்போனில் காசு



கையில் காசு இருந்தும் அடுப்பில் உலை வைக்க முடியாமல் போகுமா? போகும். 2008-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கென்யா நாட்டின் தலைநகரமான நைரோபியில் அதுதான் நடந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. லாரி வரவில்லை. திறந்திருந்த ஒன்றிரண்டு கடையிலும் விலை ஏறிப்போயிருந்தது. அந்தக் காலத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, அங்கே குடிசைப் பகுதியில் வாழும் பெண்கள் இரண்டு விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, வாசலில் நிற்கும் ஒரு சாக்கு மூட்டை. இன்னொன்று, இடுப்பில் சொருகியிருக்கும் செல்போன்.

எங்கேயோ இருக்கும் ஊர்க் கதையை நம் செய்திமடலில் ஏன் எழுதுகிறோம் என்று நினைக்கலாம். இப்போது எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாலும் இரண்டு பேச்சு கண்டிப்பாக வருகிறது. "கீரை, தக்காளி விலையெல்லாம் பார்த்தீங்களா?" என்பது ஒன்று. "பெட்டிக்கடையில கூட ஸ்கேன் பண்ணுங்கன்றாங்க, ரூபா நோட்டை நீட்டினா சில்லறை இல்லைன்றாங்க" என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில், நம்மைப் போலவே குழுவாகச் சேர்ந்து வாழும் பெண்களுக்கு நடந்திருக்கிறது. அவர்களுக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று தெரிந்துகொண்டால் நமக்கும் உபயோகம்தானே?

கிபேரா என்ற இடம்

கென்யா ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் கடல்தான். நைரோபி நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தென்மேற்கே போனால் கிபேரா. மண் சுவர், தகரக் கூரை, 10 அடிக்கு 10 அடி அல்லது 12 அடிக்கு 12 அடியில் ஒரே அறை. அதற்கு மாத வாடகை. அந்த அறைக்குள்ளேதான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். ஊருக்கு நடுவிலேயே ரயில் பாதை போகிறது. இங்கே 10 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்தால் சுமார் 1,70,000 பேர். (வெளியார் வந்து ஏழைகளைக் கணக்கெடுத்தால் எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடிவிடும் போல.) எப்படியானாலும் ஒரு பெரிய ஊர்தான்.

கிராமத்தில் எவ்வளவு கஷ்டப்பட்ட வீடானாலும் கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கும். வேலியோரத்தில் நாலு கீரை கிள்ளலாம். நகரத்துக் குடிசைப் பகுதியில் அது கிடையாது. உப்பிலிருந்து தண்ணீர் வரை காசு. கிபேராவில் 20 லிட்டர் கேன் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். தினக்கூலி வந்தால் அன்றைக்கு மாலையே கால் லிட்டர் எண்ணெய், ஒரு கை கீரை, ஒரு பொட்டலம் மாவு என்று வாங்கிச் சமைப்பார்கள். கூலி இல்லாத நாளில் சமையலும் இல்லை.

2007 டிசம்பர் 27-ந் தேதி அந்த நாட்டில் தேர்தல் நடந்தது. முடிவு அறிவித்ததும் சண்டை மூண்டது. நாடு முழுக்க 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 6 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். கிபேராவில் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டார்கள். மக்காச்சோளம் அதிகம் விளையும் ரிஃப்ட் வேலி பகுதியில்தான் கலவரம் மோசம். அங்கிருந்து சரக்கு வராவிட்டால் நைரோபியில் உகாலிக்கு மாவு ஏது? (உகாலி என்பது நம் கேழ்வரகுக் களி மாதிரி, மக்காச்சோள மாவில் கிண்டுவது. அவர்களுக்கு அதுதான் சோறு.) பிப்ரவரி 28-ந் தேதி இரு தரப்பும் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் விலைவாசி உடனே இறங்கவில்லை.

சாக்குக்குள் ஒரு தோட்டம்

அந்தச் சமயத்தில்தான் சாலிடரிட்டே என்ற பிரான்சு நாட்டுத் தொண்டு நிறுவனம் கிபேராவில் சாக்குத் தோட்டத்தை ஆரம்பித்தது. தோட்டம் போட நிலம் வேண்டும், அங்கே நிலம் கிடையாது. நடக்கிற சந்தே 3 அடிதான். அதனால் தோட்டத்தை நிமிர்த்தி நிற்க வைத்தார்கள். அவ்வளவுதான் யோசனை.

செய்முறையை விளக்கமாகவே சொல்கிறோம். நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ஒரு நல்ல சாக்கு வேண்டும். உரச் சாக்கு, தானியச் சாக்கு எதுவானாலும் சரி. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு கலந்துகொள்ள வேண்டும். இப்போது ஒரு பழைய எண்ணெய் டப்பாவையோ பால் பவுடர் டப்பாவையோ எடுத்து, மேல்மூடி, அடிப்பாகம் இரண்டையும் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். அதைச் சாக்கின் அடியில் நடுவாக நிறுத்தி, டப்பாவுக்குள் சிறு கல், உடைந்த ஓடு, ஜல்லி இவற்றைப் போட வேண்டும். டப்பாவைச் சுற்றி மண்ணைப் போட்டு லேசாக அமுக்க வேண்டும். பிறகு டப்பாவை மட்டும் மெதுவாக மேலே உருவ வேண்டும். கல் அப்படியே நடுவில் நிற்கும். மறுபடி டப்பாவுக்குள் கல், சுற்றி மண். இப்படியே இடுப்பு உயரம் வரை கொண்டு வந்தால், மூட்டைக்கு நடுவில் ஒரு கல் தூண் நிற்கும்.

இந்தக் கல் தூண்தான் முக்கியம். இது இல்லாமல் மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்மண் மட்டும் சகதியாகும், அடிமண் காய்ந்து கிடக்கும். கல் வழியாக ஊற்றினால் தண்ணீர் அடிவரை இறங்கிப் பக்கவாட்டில் பரவும். பிறகு சாக்கின் பக்கங்களில் கத்தியால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நாற்று நட வேண்டும். ஓட்டை பெரிதாகிவிட்டால் மண் கொட்டிவிடும், ஜாக்கிரதை. சாக்கின் அளவைப் பொறுத்து 20 முதல் 40 நாற்று வரை பிடிக்கும். மேல்வாயில் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி போடலாம். மொத்தமும் நிற்கிற இடம் ஒரு அண்டா வைக்கிற இடம்தான்.

கிபேராவில் பக்கவாட்டில் நடுவது பெரும்பாலும் சுகுமா விக்கி என்ற கீரை. முட்டைக்கோஸ் வகையைச் சேர்ந்தது, ஆனால் உருண்டை கட்டாமல் இலை இலையாக வளரும். அடி இலையை ஒடிக்க ஒடிக்க மேலே துளிர்த்துக்கொண்டே போகும். சுவாஹிலி மொழியில் 'சுகுமா விக்கி' என்றால் 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். சம்பளம் வரும் வரைக்கும் இந்தக் கீரையை வைத்து நாளைத் தள்ளுவார்கள், அதனால் அந்தப் பெயர். ஏழை வீட்டுக் கஷ்டத்தைக் கீரைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டை விட உயரம். அந்தக் குளிர்ச்சிக்கு அந்தக் கீரை வரும். நம் சமவெளி வெயிலுக்கு அது சரிப்படாது. பக்கவாட்டு ஓட்டையில் பொன்னாங்கண்ணிக் குச்சி, புதினா, பசலை வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். சித்திரை வெயிலில் சாக்கு நேரடியாகக் காய்ந்தால் சீக்கிரம் இற்றுப் போகும். மேற்கு வெயில் படாத சுவர் ஓரம் பார்த்து வையுங்கள்.

மூட்டை வைத்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா?

இல்லை. நல்லதை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் அது விளம்பரம் ஆகிவிடும்.

முதல் பிரச்சினை தண்ணீர். குடிக்கிற தண்ணீரையே விலைக்கு வாங்குகிறவர்கள் செடிக்கு எங்கே போவார்கள்? காய்கறி கழுவிய தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் என்று ஊற்றினார்கள். வறட்சியில் தண்ணீர் விலை ஏறினால் சிலர் மூட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது, ஆடு, கோழி, திருட்டு. இரவில் இலையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் 10, 15 பெண்களாகச் சேர்ந்து, மூட்டைகளை ஒரே இடத்தில் வரிசையாக வைத்து முறை போட்டுப் பார்த்துக்கொண்ட குழுக்கள்தான் தாக்குப்பிடித்தன.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். மண். குப்பைமேட்டு மண்ணில் பழைய பேட்டரி, பெயிண்ட், இரும்புத் தூசி எல்லாம் கலந்திருக்கும். அதிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கீரை வழியாக வயிற்றுக்குள் போகலாம். கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் முழுக்கப் போகாது. ஆய்வாளர்கள் கிபேராவின் மூட்டை மண்ணையும் கீரையையும் எடுத்துப் பரிசோதிக்கும் அளவுக்கு அந்தக் கவலை இருந்தது. அதே கிபேராவில் 2008-ல் ரயில் பாதை ஓரம் ஒரு குப்பைமேட்டைச் சுத்தம் செய்து தோட்டம் போட்ட இளைஞர்கள், மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சட்டும் என்று சூரியகாந்தி நட்டார்கள். நாமும் மண் எடுக்கும்போது சாக்கடை ஓரம், ஒர்க்‌ஷாப் பக்கம், ரோட்டோரம் எடுக்கக் கூடாது. வயல் மண்ணும் மாட்டு எருவும் கிடைக்கிற நாம் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டை பசியைப் போக்கிவிடாது. கீரை வேண்டுமானால் கிடைக்கும், உகாலிக்கு மாவு கடையில்தான் வாங்க வேண்டும். மூட்டை இருக்கிற வீட்டில் வாரத்தில் சில நாள் கீரைக் காசு மிச்சம், மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் அல்லது விற்கலாம். அந்த மிச்சம் அன்றைக்கு எண்ணெய் வாங்க உதவும். சின்ன விஷயம்தான். ஆனால் தினக்கூலியில் வாழ்கிறவர்களுக்குச் சின்ன விஷயம் என்று ஒன்று உண்டா?

நகராட்சி என்ன சொன்னது தெரியுமா? நகரத்துக்குள் விவசாயம் என்பதே வெகுகாலம் அங்கே ஒப்புக்கொள்ளாத காரியமாக இருந்தது. செடியைப் பிடுங்கிப் போட்டால் கேட்க முடியாது. 2015-ல்தான் நைரோபியில் நகர்ப்புற விவசாயத்தை வளர்க்கவும் ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டம் வந்தது. பெண்கள் மூட்டை வைக்க ஆரம்பித்து 7 வருடம் கழித்து.

நம்ம பைசாதான் அது

இனி செல்போன் கதைக்கு வருவோம்.

2007 மார்ச் மாதம் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் எம்-பெசா என்ற சேவையைக் கொண்டு வந்தது. 'எம்' என்றால் மொபைல். 'பெசா' என்றால் சுவாஹிலியில் காசு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம பைசாதான். 1896 முதல் 1901 வரை அங்கே ரயில் பாதை போட 30,000-க்கும் மேற்பட்ட கூலியாட்களை இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு போனார்கள். அந்த நாட்டில் 1920 வரை புழங்கியதும் ரூபாய்தான். ரூபாய் போய்விட்டது, பைசா மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

எம்-பெசாவுக்கு விலை உயர்ந்த போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். பட்டன் போன் போதும். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, பக்கத்துப் பெட்டிக்கடை ஏஜெண்டிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் நம்பரில் ஏறும். ரகசிய எண்ணைப் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இருவருக்கும் மெசேஜ் வரும். வாங்கியவர் தன் ஊர் ஏஜெண்டிடம் போய் ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 2016-ல் வந்த யுபிஐ வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போவது. அவர்களுடையது வங்கியே இல்லாமல் ஆரம்பித்தது. அதற்குக் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான். இதை முதலில் எதற்காக உருவாக்கினார்கள் தெரியுமா? குழுக் கடனைத் திருப்பிக் கட்டுவதற்காக! 2005-ல் ஒரு சிறுகடன் நிறுவனத்தோடு சேர்ந்து, சில நூறு உறுப்பினர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். கடன் வாங்கியவர்கள் தவணையைப் போனில் கட்டட்டும் என்பது திட்டம். உறுப்பினர்களோ அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினார்கள், ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்தார்கள், பயணம் போகுமுன் காசைப் போனில் போட்டு வைத்துப் போய் இறங்கிய இடத்தில் எடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் நிறுவனம் கடன் தவணையை விட்டுவிட்டு, 'வீட்டுக்குக் காசு அனுப்புங்கள்' என்று விளம்பரம் செய்தது. படித்தவர்கள் போட்ட திட்டத்தைக் குழு உறுப்பினர்கள் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி.

ஆரம்பித்து 10 மாதம்கூட ஆகவில்லை, கலவரம் வந்துவிட்டது. வங்கிக்குப் போக முடியாது, பஸ் இல்லை. கிபேரா மாதிரி இடங்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்த உறவினர்கள் போன் வழியாகவே காசும் பேச்சு நேரமும் அனுப்பினார்கள். ஆனால் போனில் காசு ஏறினாலும் ஏஜெண்ட் கடை திறந்திருக்க வேண்டும், கல்லாவில் ரொக்கம் இருக்க வேண்டும், வாங்க மாவு இருக்க வேண்டும். போனில் இருக்கிற எண்ணைச் சமைக்க முடியாதே. மூட்டையின் அருமை அங்கேதான் தெரிந்தது.

அதே 2008-ல் நாட்டின் இன்னொரு மூலையில், கேரியோ பள்ளத்தாக்கு என்ற இடத்தில், கன்சர்ன் என்ற தொண்டு நிறுவனம் 570 குடும்பங்களுக்கு எம்-பெசா மூலம் உதவித் தொகை கொடுத்தது. லாரியில் மூட்டை ஏற்றிப் போனால் வழியில் கொள்ளை போகும் என்ற பயம். அங்கே பலருக்குப் போன் கிடையாது, மின்சாரமும் கிடையாது, பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்தார்கள்? 10 குடும்பத்துக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு போன், வெயிலில் சார்ஜ் ஆகிற ஒரு சார்ஜர். ஆனால் சிம் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. அவரவர் சிம்மைப் போட்டு அவரவர் காசைப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு உதவினார். நம் குழுவில் ஊக்குநர் செய்கிற வேலைதான்.

கடை வாசல் எப்படி மாறியது?

கென்யாவில் தெருமுனையில் காய்கறி விற்கும் பெண்ணை 'மாமா ம்போகா' என்று கூப்பிடுவார்கள். சிரிக்காதீர்கள், அந்த மொழியில் மாமா என்றால் அம்மா! காய்கறி அம்மா. கீரையைப் பொடியாக அரிந்து பையில் போட்டுக் கொடுப்பார், கடனும் கொடுப்பார், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிப்பார்.

2013-ல் கடையில் நேரடியாகப் போனிலேயே பணம் செலுத்தும் வசதி வந்தது. கடைக்கென்று ஒரு எண், அதைப் போட்டுத் தொகையை அனுப்பினால் போதும். பிறகு சின்ன வியாபாரிகளுக்காக 'போச்சி லா பியாஷாரா', அதாவது வியாபாரப் பை என்று தனியாக ஒன்று வந்தது. இதில் ஒரு நல்ல விஷயம். வீட்டுக் காசு ஒரு பை, கடைக் காசு ஒரு பை. நம் ஊரில் தையல் கடை, இட்லிக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களிடம் நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம், இரண்டையும் ஒரே சுருக்குப் பையில் போடாதீர்கள் என்று!

சில்லறைத் தகராறு போனது. இருட்டில் காசோடு நடந்து போகிற பயம் குறைந்தது. கணவருக்குத் தெரியாமல் ஒரு அவசரத் தொகையைப் போனில் சேர்த்து வைக்க முடிந்தது. கிபேராவில் தங்கி ஆராய்ச்சி செய்த ஒருவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதே ஆராய்ச்சியில் கிராமத்து மனைவிமார்களின் கவலையும் வருகிறது. முன்பெல்லாம் காசு கொடுக்கவாவது கணவர் ஊருக்கு வருவார், இப்போது காசு மட்டும் வருகிறது, ஆள் வருவது குறைந்துவிட்டது, பட்டணத்தில் வேறு யாரையாவது சேர்த்துக்கொள்வாரோ என்று.

2016-ல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசா வந்ததால் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மேலே வந்தன, 1,85,000 பெண்கள் பிழைப்புக்கான விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாறினார்கள் என்று கணக்கிட்டது. இன்று கென்யாவில் 3 கோடிக்கு மேல் பேர் எம்-பெசா பயன்படுத்துகிறார்கள்.

மோசடியும் கூடவே வந்தது. வராத பணத்துக்கு வந்த மாதிரி பொய் மெசேஜ் அனுப்புவது, பொருளை வாங்கிக்கொண்டு போய் 'தவறாக அனுப்பிவிட்டேன்' என்று பணத்தைத் திருப்பிக் கேட்பது. மெசேஜை நம்பாமல் இருப்புத் தொகையைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுப்பது என்று காய்கறி அம்மாக்கள் பழகிக்கொண்டார்கள்.

ஊருக்குள் சந்தை வரும் வழியும் மாறத்தான் பார்த்தது. விடியற்காலையில் மொத்தச் சந்தைக்கு ஓடாமல், முதல் நாள் போனில் சொன்னால் கடைக்கே சரக்கு வரும் என்று 2014-ல் ட்விகா என்ற நிறுவனம் தொடங்கியது. (ட்விகா என்றால் ஒட்டகச்சிவிங்கி.) முதலில் வாழைப்பழம், பிறகு மற்றவை. நிறைய முதலீடு வந்தது. ஆனால் 2023-க்குள் நெருக்கடியில் மாட்டி ஆட்களைக் குறைத்தது. காய்கறி அம்மா இன்னமும் தெருமுனையில் இருக்கிறார்.

போனில் வந்த கடன்

எங்களுக்கு மிகவும் கவலை தரும் பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கென்யாவில் பெண்கள் குழுக்களை 'சாமா' என்பார்கள். வாரம் அல்லது மாதம் ஒரு தொகை, சுற்று முறையில் ஒருவருக்கு மொத்தமாக, நம் சீட்டு மாதிரி. சில சாமாக்கள் அதிலேயே கடனும் கொடுக்கும். எம்-பெசா வந்த பிறகு சந்தாவைப் போனில் கட்ட ஆரம்பித்தார்கள். மழை பெய்தாலும் கட்டலாம், பொருளாளர் வீட்டில் காசு வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம், மெசேஜே சாட்சி. எல்லாம் சரி. ஆனால் போனிலேயே கட்டிவிட்டால் கூட்டத்துக்கு எதற்கு வர வேண்டும்? கூட்டத்துக்கு வராவிட்டால் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

இந்த நிலையில் 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி என்ற சேவை வந்தது. போனிலேயே சேமிப்பு, போனிலேயே கடன். ஜாமீன் இல்லை, கையெழுத்து இல்லை, நிமிடத்தில் காசு. வந்தபோது 30 நாளுக்குக் கட்டணம் நூற்றுக்கு ஏழரையாக இருந்தது. 1,000 ஷில்லிங் வாங்கினால் ஒரு மாதத்தில் 1,075 கட்ட வேண்டியிருந்தது. "75 தானே" என்று தோன்றும். வருடம் முழுக்க இதையே வாங்கிக் கட்டி, வாங்கிக் கட்டிச் சுற்றினால் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் கட்டணமாகவே போய்விடும். நம் குழுவில் உள்கடனுக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வாங்குகிறோம். ஆயிரத்துக்கு மாதம் 10 அல்லது 20 ரூபாய். அதுவும் வெளியே போகாமல் நம் பொது நிதியிலேயே சேருகிறது.

2019 ஜனவரியில் ஃபுலிசா வந்தது. கணக்கில் காசு இல்லாவிட்டாலும் கடையில் பணம் செலுத்தலாம், குறைகிற தொகையை அதுவே கடனாகக் கொடுத்துவிடும், ஆரம்பத்தில் திருப்பும் வரை தினம் ஒரு கட்டணம் இருந்தது. யோசித்துப் பாருங்கள். கீரைக்கும் மாவுக்கும் வட்டிக்கு வாங்குவது! அடுத்த நாள் கூலி போனில் வந்து விழுந்ததும் அது தானாகவே கழித்துக்கொள்ளும். மறுநாள் சாப்பாட்டுக்கு மறுபடி கடன். முன்பு காய்கறி அம்மா கொடுத்த கடனுக்கு வட்டி இல்லை, முகம் இருந்தது. இதற்கு முகம் இல்லை.

இது போதாதென்று நூற்றுக்கணக்கான கடன் ஆப்கள் முளைத்தன. கட்டாதவர்களின் போனில் இருக்கும் நம்பர்களை எடுத்து, சொந்தக்காரர், வேலை கொடுத்தவர் எல்லாருக்கும் போன் போட்டு அவமானப்படுத்தினார்கள். சில நூறு ஷில்லிங் பாக்கிக்காகப் பலர் பெயர் கடன் கட்டாதோர் பட்டியலில் ஏறியது. 2020-ல் அந்நாட்டு மத்திய வங்கி, 1,000 ஷில்லிங்குக்குக் குறைவான பாக்கிக்குப் பெயரை ஏற்றக் கூடாது என்று சொன்னது. 2022-ல் இப்படிக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும், கடன்காரரின் சொந்தபந்தங்களுக்குப் போன் போட்டு மிரட்டக் கூடாது என்று விதி வந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது. உடனடிக் கடன் ஆப்களால் பட்ட அவமானத்தைத் தாங்க முடியாமல் உயிரை விட்டவர்கள் செய்தியெல்லாம் படித்திருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டிருக்கிறது. அதன்படி மொத்த வட்டி, கட்டணம் எவ்வளவு என்று கடன் கொடுக்குமுன்பே எழுத்தில் காட்ட வேண்டும். உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் அவர்கள் எடுக்கக் கூடாது. எந்த ஆப் அதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிரட்டினால் பயந்துகொண்டு பணம் கட்ட வேண்டாம், 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய உரச் சாக்கும், எருவும், ஒரு காலி டப்பாவும் கொண்டு வரட்டும். கல் தூண் நிறுத்துவதை அங்கேயே செய்து காட்டுகிறோம். நாற்று, புதினாக் குச்சி இருப்பவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்து எடுத்து வாருங்கள். போனில் கடன் வாங்கியிருப்பவர்கள் அந்த மெசேஜை அழிக்காமல் வாருங்கள். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு இருங்கள், கடைசி பஸ் 6 மணிக்குத்தான், நாங்கள் இருப்போம்.